குட்டையிலிருந்து எங்கள் மந்தையை மீட்டவர்களுக்கு

அன்புடையீர்,

எங்கள் பட்டியில் இன்று நிற்கும் செம்மறிகள் நீங்கள் காப்பாற்றிக் கொடுத்தவை. நேரில் வந்து கைகூப்பிச் சொல்ல வேண்டிய நன்றி இது. ஆனால் உங்களில் பலரின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

முதலில் மருத்துவர் அம்மாவுக்கு. ஆடுகளின் மூக்கில் இரத்தம் கலந்து நீர் வடிந்தபோது மூக்குப்புழு என்றே நினைத்தோம். புழுமருந்து கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். அதற்குள் மேலுதடு தடித்து, மூக்கு வீங்கி, மூச்சுவிடவே திணறத் தொடங்கின. நீங்கள் வந்ததும் மருந்துப் பெட்டியைத் திறக்கவில்லை. ஒரு பெட்டையாட்டின் வாயை விரித்து, டார்ச் அடித்து மேலண்ணத்தைப் பார்த்தீர்கள். அங்கே ஒரு துளை. அதன் ஓரம் மஞ்சளும் சாம்பலுமாக நைந்து கிடந்தது. நிமிர்ந்து, "இவை ஒரு நாளில் எவ்வளவு நேரம் தண்ணீரில் நிற்கும்?" என்று கேட்டீர்கள். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. கரையெல்லாம் காய்ந்துபோய், பச்சைப் புல் குட்டைக்குள் மட்டுமே மிஞ்சியிருந்த காலம் அது. வயிறு நனைய நின்று மணிக்கணக்கில் மேய்ந்தன. மேய்ச்சல் கிடைத்ததே என்று நாங்களும் மகிழ்ந்திருந்தோம்.

ஆய்வகத்தில் இருந்தவர்களே, உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றி அனுப்பிய அந்தச் சிறு சதைத்துண்டுக்கு நீங்கள் காட்டிய பொறுமையை மறக்க மாட்டேன். வழக்கமான சாயத்தில் சரியாகத் தெரியாததை வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தீர்கள். கருத்த இழைகள் தெரிந்தன. பூஞ்சை என்று எழுதி முடித்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். செம்மறியின் மூக்கை இதேபோல் அரிக்கும் உண்மையான பூஞ்சையும் உண்டு, கோனிடியோபோலஸ் என்று. நீங்கள் டிஎன்ஏ பரிசோதனைவரை போய், இது பித்தியம் இன்சிடியோசம் என்று உறுதி செய்தீர்கள்.

அந்தப் பெயர்தான் எங்களுக்கு வழி காட்டியது. இது பூஞ்சைபோலத் தோன்றினாலும் பூஞ்சை அன்று; பழுப்புப் பாசிகளுக்கு உறவு. பூஞ்சை மருந்துகள் பலவும் குறிவைப்பது எர்கோஸ்டெரால் என்ற, பூஞ்சையின் செல் சவ்வில் இருக்கும் கொழுப்புப் பொருளை; அது இதன் உடலில் இல்லை. அதனால் அந்த மருந்துகளை எவ்வளவு கொடுத்தாலும் பெரும்பாலும் பிடிப்பதில்லை. தேங்கிய வெதுவெதுப்பான நீரில் இதன் வித்துகள் சாட்டைபோன்ற இரண்டு கசையிழைகளை வீசி நீந்தி, ரோமத்தையும் தோல் கீறலையும் தேடி வந்து ஒட்டிக்கொள்கின்றன. குதிரை, மாடு, நாய் என்று எதையும் விடுவதில்லை. மனிதரின் கண்ணையும் இரத்தக் குழாயையும்கூடத் தாக்கும். அன்றிலிருந்து காலில் பூட்ஸ் இல்லாமல் நாங்கள் யாரும் அந்தக் குட்டையில் இறங்குவதில்லை.

1987-இல் இந்தக் கிருமிக்கு இந்தப் பெயரைச் சூட்டியவர்களுக்கும், பிரேசிலின் வடகிழக்கில் செம்மறி மந்தைகளில் இந்நோயைக் கண்டு 2004-இல் எழுதிவைத்தவர்களுக்கும் என் நன்றி எப்படிப் போய்ச் சேரும் என்று தெரியவில்லை. மருத்துவர் அம்மா அவர்கள் வெளியிட்ட படங்களைக் காட்டியபோது, எங்கள் ஆட்டையே யாரோ முன்பு படமெடுத்து வைத்திருந்ததுபோல் இருந்தது.

அண்ணம் அழிந்தவற்றைக் காப்பாற்ற முடியாது என்று, மருத்துவர் அம்மா, நீங்கள் மறைக்காமல் சொன்னீர்கள். பொய் நம்பிக்கை தந்திருந்தால் அவை மேலும் சில வாரங்கள் மூச்சுக்குத் தவித்திருக்கும். வலியில்லாமல் அவற்றை அனுப்பிவைத்துவிட்டு, நீங்களும் தொழுவத்தின் ஓரம் சற்று நேரம் பேசாமல் நின்றதைப் பார்த்தேன். அதற்கும் நன்றி.

பின்னங்காலில் புண்ணோடு இருந்த இளம்பெட்டை பிழைத்துக்கொண்டது. புண்ணைச் சுற்றி நல்ல தோல் தெரியும்வரை வெட்டி எடுத்து, பொட்டாசியம் அயோடைடு கொடுத்தீர்கள். தம்பி, நாள் தவறாமல் வந்து கட்டுமாற்றிய மாணவர் நீங்கள்தான். முதல் வாரம் உங்களைக் கண்டாலே மிரண்டு உதைத்த ஆடு, கடைசியில் உங்கள் காலடி கேட்டதும் தானாகவே எழுந்து நின்றது. காலில் ரோமம் முளைக்காத ஒரு வடு மட்டும் இருக்கிறது.

பக்கத்துப் பட்டிப் பெரியவரே, நோய் கண்ட மந்தை என்று மற்றவர்கள் ஒதுங்கிய நாட்களில் உங்கள் கிணற்றையும் தொட்டியையும் எங்களுக்குத் திறந்துவிட்டீர்கள். ஆட்டிலிருந்து ஆட்டுக்கு இது தொற்றாது, எல்லாவற்றுக்கும் அந்த நீரிலிருந்துதான் வந்தது என்று மருத்துவர் சொன்ன ஒரு சொல்லே உங்களுக்குப் போதுமானதாக இருந்தது. மறுநாள் விடியும்முன் கம்பிச்சுருளைத் தோளில் சுமந்து வந்து, குட்டையைச் சுற்றி வேலி போட எங்களோடு நின்றீர்கள். கம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறது. இந்தக் கோடை முடியும்வரை இருக்கட்டும் என்று நேற்றும் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். அவ்விதமே வைத்திருக்கிறோம், ஐயா.

என்றும் நன்றியுடன்,
ஒரு செம்மறி வளர்ப்பவன்