சாக்ஸ் தந்த அங்கிளுக்கு

அன்பு உறவுகளே,

ரத்தத்தில் கொழுப்பு ஏறி, கணையம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த தம்பி நேற்று வீட்டுக்கு வந்துவிட்டான். என்ன நடந்தது என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும், மறுபடி சொல்லத் தெம்பில்லை.

பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து முறை வைத்துச் சோறு கொண்டுவந்தவர்கள், ஃபெரி ஏறி வந்த பட்டர்வொர்த் கூட்டாளிகள், தண்ணீர்மலையில் அர்ச்சனை செய்தவர்கள், மெஷின் அலறும்போதெல்லாம் ஓடி வந்த தாதியர் எல்லாருக்கும் நன்றி. பெயர் சொல்லப்போனால் யாரையாவது விட்டுவிடுவேன்.

ஆனால் ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

முதல் நாள் அவன் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, தேங்காய்ப் பால் மாதிரி பையில் தொங்கியது. அத்தனையும் கொழுப்பு. லிட்டருக்கு 1.7 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டிய டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு, அவனுக்கு 40ஐத் தாண்டியிருந்தது. அப்புறம் சிறுநீரகமும் படுத்துக்கொள்ள, இரவு பகலாக ஓடும் ரத்தச் சுத்திகரிப்பு மெஷினை மாட்டினார்கள். டாக்டர் ஒளிக்கவில்லை. "இது கணையத்தைக் குணமாக்காது. அது ஆறுகிற வரைக்கும் சிறுநீரகத்தின் வேலையைப் பார்க்கும், அவ்வளவுதான்" என்றார்.

அன்றிரவு அவன் பாதத்தைத் தொட்டேன். ஐஸ். பயந்துபோய் வெளியே வந்து லிஃப்ட் பக்கம் அழுதுகொண்டிருந்தேன். டயாலிசிஸ் முடித்துவிட்டு வந்த ஒரு சீன அங்கிள், கையில் பஞ்சுக்கட்டு, என்னவென்று மலாயில் கேட்டார். சொன்னேன். "டாரா கெலுவார், மாசோக் பாலேக், செஜோக் லா" என்று சிரித்தார். ரத்தம் வெளியே சுற்றிவிட்டு வந்தால் குளிரத்தானே செய்யும்! மெஷினில் சூடேற்றினாலும் கால் ஜில்லிடுமாம். பையைத் துழாவி ஒரு ஜோடி கம்பளி சாக்ஸை எடுத்து நீட்டினார். 5 ரிங்கிட் ஸ்டிக்கர்கூடக் கிழிக்காத புதுசு. வேண்டாம் என்று குனிந்தவள் அவர் காலைப் பார்த்தேன். செருப்புக்குள் போட்டிருந்த சாக்ஸில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது.

தாதி பார்த்துவிட்டு, சரி, போடுங்கள் என்றார். அத்தனை பெரிய மெஷின் பக்கத்தில் ஓட, என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். போட்டுவிட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இனி நாசி கண்டார் என்கிற கறிச்சோற்றுக் கடைப் பக்கம் தம்பியைப் பார்த்தால் தயவுசெய்து எனக்குப் போன் போடுங்கள். நானும் ரத்தம் கொடுத்துக் கொழுப்பைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன், குடும்பத்தில் ஓடுமாம்.

இரண்டு ஜோடி புது சாக்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன். அங்கிளுக்கு டயாலிசிஸ் திங்கள், புதன், வெள்ளியா, செவ்வாய், வியாழன், சனியா என்று கேட்காமல் விட்டுவிட்டேன். அடுத்த வாரம் ஆறு நாளும் அந்த லிஃப்ட் பக்கம்தான் நிற்பேன்.