‘நிறுத்து’ என்று சொன்னவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

போன வாரம் ஒரு கறுப்பு டி-ஷர்ட்டில் முழுப் படம் ஒன்று அச்சாகி வந்தது. குறுக்கே ஒரு கோடு இல்லை, கறுப்பில் வண்ணம் தெரிய அடியில் பூசும் வெள்ளை பிதுங்கவில்லை. பழைய பேப்பர் பிரிண்டரை மாற்றி, சட்டையில் நேராக அச்சடிக்க நான் கட்டிய மிஷினில் வந்தது அது. பார்த்தவர்கள் “நீயே செஞ்ச மிஷினா?” என்று கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். ஆட்டிய பிறகுதான் உறுத்தியது. இந்தப் பதினோரு மாதத்தில் நான் சொந்தமாகச் செய்தவை பெரும்பாலும் தப்புகள்தான். அவற்றைப் பாதியிலேயே கையைப் பிடித்து நிறுத்தியவர்கள் நீங்கள். அந்தக் கணக்கை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில், பிரிண்டர் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற ஐயாவுக்கு. நான் ஆசையாகத் தூக்கிவந்த முதல் பிரிண்டரைக் கழற்றுவதற்கு முன்பே, “இதை மூடி வை, இது ஆகாது” என்றீர்கள். கோபம் வந்தது எனக்கு. பிறகுதான் உட்காரவைத்துச் சொன்னீர்கள். அந்த வகை ஹெட்டில், அதாவது இங்க்கைத் தெளிக்கும் பகுதியில், ஒவ்வொரு நாசிலுக்குள்ளும் (இங்க் வெளிவரும் நுண்துளை) ஒரு குட்டி ஹீட்டர் இருக்கிறது; அது இங்க்கை நொடியில் கொதிக்கவைத்து, எழும் குமிழியால் துளியை வெளியே தள்ளுகிறது. துணி இங்க்கில் இருப்பதோ சூட்டில் இறுகும் பசை. அந்த ஹீட்டரிலேயே அது கருகி ஒட்டிக்கொள்ளும். நமக்கு வேண்டியது பீசோ ஹெட். மின்னழுத்தம் கொடுத்தால் வளைகிற படிகம் இங்க்கை நெட்டித் தள்ளும், சூடே கிடையாது. எப்சன் தன் மேசைப் பிரிண்டர்களில் பயன்படுத்தும் முறை அது என்பதையும் உங்களிடம்தான் தெரிந்துகொண்டேன். பிறகு பழைய ஆறு நிற ஏ3 பிரிண்டர் ஒன்றைத் தேடிப் பிடித்ததும் நீங்களே. வெளிர் நீலமும் வெளிர் மெஜந்தாவும் இருந்த இரண்டு இடத்தில் இப்போது வெள்ளை ஓடுகிறது.

அடுத்து லேத் பட்டறை அண்ணனுக்கு. உங்களைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம். பிரிண்டரைத் தூக்கி நிறுத்தி, பேப்பர் போகிற வழியில் சட்டை மாட்டிய பலகை போகவேண்டும். பேப்பர் ரோலர் சுற்றுகிற அதே அளவுக்குப் பலகையும் நகரவேண்டும். கேட்க எளிது. ரோலர் அச்சில் ஒரு உருளை மாட்டி, அதில் எஃகுக் கம்பி சுற்றி, கம்பியால் பலகையை இழுப்பது என்று முடிவாயிற்று. ரோலரின் விட்டத்தை நான் ஸ்கேல் வைத்து அளந்ததைப் பார்த்துச் சிரித்தீர்கள். “பேப்பரைப் பத்துச் சுத்து வெளியே விடு, நீளத்தை அளந்து பத்தால வகு” என்றீர்கள். அப்படியே செய்து, அதே அளவில் உருளையைக் கடைந்தோம். முதல் அச்சில் வட்டம் முட்டையாக வந்தது. படம் முழுக்க மயிரிழை வெள்ளைக் கோடுகள் வேறு. ஹெட் அடைத்துவிட்டது என்று நினைத்து மூன்று நாள் நாசில்களைக் கழுவிக்கொண்டிருந்தேன், பைத்தியம் மாதிரி. நீங்கள் வந்து கம்பியை விரல் நுனியில் உருட்டிப் பார்த்துவிட்டு, “கம்பியோட தடிமனைச் சேர்த்தியா?” என்று கேட்டீர்கள்.

சேர்க்கவில்லை. அரை மில்லிமீட்டர் கம்பிதானே என்று விட்டிருந்தேன். கம்பியின் நடுக்கோடுதான் கணக்கு என்பதால் விட்டம் அரை மில்லிமீட்டர் கூடுகிறது. சுற்றுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதல் ஓட்டம். ரோலரின் சுற்றளவே 40 மில்லிமீட்டர் சொச்சம். 300 மில்லிமீட்டர் படம் கிட்டத்தட்ட 12 மில்லிமீட்டர் நீண்டுவிட்டது. ஹெட் ஒருமுறை குறுக்கே ஓடி அடிக்கும் ஒவ்வொரு பட்டைக்கும் இடையில் விழுந்த இடைவெளிதான் அந்தக் கோடுகள். உருளையைத் திரும்ப லேத்தில் ஏற்றி, மூன்று தடவை சீவி, மூன்று தடவை மாட்டிப் பார்த்தீர்கள். கூலி என்று பேச்செடுத்தபோது முறைத்தீர்கள். அந்த உருளை இன்னும் அப்படியே ஓடுகிறது, அண்ணே.

தையல் அக்காவுக்கு. சட்டையின் கழுத்துப் பட்டி எழும்பி ஹெட்டில் இடித்த அன்று, எல்லோரும் ஹெட்டை இன்னும் உயர்த்தச் சொன்னார்கள். உயர்த்தினால் துளி பறக்கிற தூரம் கூடும், விளிம்பு மங்கும். துணிக்கும் ஹெட்டுக்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி வைக்க எனக்கு மனமில்லை. நீங்கள் மிஷினைப் பார்க்கவேயில்லை, பலகையைப் பார்த்தீர்கள். “தையல் வர்ற இடத்துல பலகையைக் குடைஞ்சிடு. தடிப்பு கீழே போயிடும்” என்றீர்கள். பத்து நிமிட வேலை. அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஸ்கிரீன் பிரிண்டிங் நண்பனுக்கு நான் பட்ட கடன் வெள்ளை இங்க்கில் இருக்கிறது. கறுப்புத் துணியில் வெள்ளை ஏன் சாம்பலாகிறது என்று புலம்பியபோது, “துணி அதைக் குடிச்சிடுதுடா” என்றாய். அச்சுக்கு முன் துணியில் தெளிக்கும் ப்ரீட்ரீட்மென்ட் திரவத்தில் இருக்கிற உப்பு, வெள்ளையை மேற்பரப்பிலேயே திரிந்து நிற்கவைக்கும், பாலில் எலுமிச்சை பிழிந்த மாதிரி. அதைச் சீராகத் தெளித்து, ஹீட் பிரஸ்ஸில் உலர்த்தி, எழும்பி நிற்கிற நூல் மயிரையும் அழுத்திப் படுக்கவைத்த பிறகுதான் அச்சு. முகமூடி இல்லாமல் தெளித்ததற்கு நீ திட்டிய திட்டும் ஞாபகம் இருக்கிறது. அச்சடித்த பின் 160 டிகிரி பிரஸ்ஸை இரண்டு நிமிடத்தில் திறக்கப்போன என் கையைத் தட்டிவிட்டு, இங்க் புட்டியின் ஒட்டுத்தாளைப் படிக்கச் சொன்னதும் நீதான். படித்துப் பார்த்தால் அதில் போட்டிருந்தது மூன்று நிமிடம்.

வெள்ளையைப் பற்றி இன்னொன்று. அதன் நிறமி டைட்டானியம் டை ஆக்சைடு. தண்ணீரைவிட நான்கு மடங்குக்கு மேல் அடர்த்தி. விட்டால் அடியில் படியும். தினமும் காலையில் புட்டியைக் குலுக்கி, எல்லா நாசிலும் ஓடுகிறதா என்று பார்க்கும் நாசில் செக் ஒன்று அடித்து, தாளில் தேதி போட்டுக் கோத்துவைத்த அண்ணன் மகளுக்கு என் நன்றி. நான் ஊரில் இல்லாத நாட்களிலும் நீ விட்டதில்லை, கண்ணு. ஒரே ஒரு தடவை அது என் பொறுப்பில் இருந்தபோது நான் மறந்தேன், நான்கு நாள். ட்யூப்பில் வெள்ளை தனியாகவும் தண்ணீர் தனியாகவும் நின்றது. ஹெட் அடைத்துக்கொண்டது. சிரிஞ்சை மாட்டி ஓங்கி அழுத்தப்போனேன், திரும்பவும் ஐயாதான். “அழுத்தினா உள்ளே பிய்ஞ்சிடும், நிறுத்து” என்று போனிலேயே கத்தினீர்கள். கழுவும் திரவம் நனைத்த துணியை ஹெட்டுக்கு அடியில் வைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் மெதுவாக இழுத்தபோது எல்லா நாசிலும் திறந்தது. ஒன்றைத் தவிர. அந்த ஒன்று எந்த நிறம் என்று சொல்லமாட்டேன், நீங்கள் கண்டுபிடிக்கவில்லை.

அலுவலகத் தோழிக்கு: படத்தை இங்க் துளிகளாகப் பிரித்துப் பிரிண்டருக்கு அனுப்பும் ரிப் மென்பொருளில் வெள்ளை அடிப்பூச்சை விளிம்பிலிருந்து இரண்டு மூன்று புள்ளி உள்ளே இழுக்கச் சொன்னதற்கு. படத்தைச் சுற்றி இருந்த வெள்ளை விளிம்பு அன்றோடு போயிற்று. பேப்பர் வந்துவிட்டதா என்று பார்க்கும் சென்சாரின் நெம்புகோலை நான் டேப் போட்டு ஒட்டி ஏமாற்றியபோது, ஆன் செய்ததுமே பேப்பர் சிக்கியிருக்கிறது என்று பிரிண்டர் அடம்பிடிக்கும் காரணத்தைக் கண்டதும் நீங்கள்தான். இப்போது பலகையின் முன் விளிம்பில் ஒரு சின்னத் தகடு அதைத் தட்டுகிறது. வெள்ளையும் வண்ணமும் ஒரே இடத்தில் தொடங்குவது அந்தத் தகட்டால்.

ஒருவருக்கு மட்டும் நன்றி இல்லை: காலாவதியான வெள்ளை இங்க்கின் தேதியைச் சுரண்டிவிட்டு விற்றவருக்கு. அவர் இதைப் படிக்கமாட்டார்.

உருளையின் அளவு, பலகையின் வெட்டுப்படம், தகட்டின் இடம் எல்லாவற்றையும் வரைந்து வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் தருகிறேன். உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சட்டை அடிக்கப்போகிறேன். மார்பளவு மட்டும் வேண்டும். எல்லோரும் சொல்லிவிட்டார்கள். லேத் அண்ணே, நீங்கள் பாக்கி. ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் எல்லோரிடமும் திட்டு வாங்கியவன்