ஒயிட் டவுனில் வசிப்போரின் கார்களுக்கு வழிவிடக் கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற அரசு ஊழியர்,
ஒயிட் டவுன், புதுச்சேரி 605 001.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
வழுதாவூர் சாலை, புதுச்சேரி.

பொருள்: ஒயிட் டவுன் வீதிகளில் சொந்தக் கார்களுக்கு விதிக்கப்படும் தடைகளை முறைப்படுத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, 82 வயதான என் தாயாரை டயாலிசிஸ் முடித்து அழைத்து வந்தேன். செஞ்சி சாலையிலிருந்து எங்கள் வீதிக்குத் திரும்பும் முனையில் இரும்புத் தடுப்பு. மதியம் புறப்பட்டபோது அது இல்லை. முகவரிக்கு ஆதார் அட்டையைக் காட்டினேன். "வண்டி விடக் கூடாது என்று உத்தரவு" என்றார் அங்கிருந்த காவலர். யார் உத்தரவு, எத்தனை மணி வரை என்று கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்துத் தேநீர்க் கடையில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாங்கி, அம்மாவை அதில் உட்காரவைத்து, நானும் அதே காவலரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வீடு வரை தூக்கிச் சென்றோம். ஐஸ்கிரீமும் கையுமாக நடந்துகொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வாகனம் கூடாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. நானே தினமும் அங்கே நடக்கிறவன். அந்த நேரம் ஊருக்கே தெரியும் என்பதால் யாரும் சண்டைக்கு நிற்பதில்லை. எங்கள் வீதி முனையில் உள்ள 'வண்டி நிறுத்தக் கூடாது' பலகையிலோ நேரம் எழுத விட்ட கட்டம் இன்றுவரை காலி. தடுப்பு வைக்கப்படும் நாளும் தெரிவதில்லை, எடுக்கப்படும் நேரமும் தெரிவதில்லை.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, பொதுமக்களின் பாதுகாப்பு, வசதி கருதி வாகனங்களைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் அதை அரசிதழில் அறிவிக்க வேண்டும், உரிய இடத்தில் பலகை வைக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத தடைக்கு அரசிதழ் தேவையில்லை. அதற்கும் உள்ளூரில் விளம்பரம் செய்தாக வேண்டும். எங்கள் வீதித் தடுப்பு இதில் எந்த வகை என்று கேட்கிறேன்.

காரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போங்கள் என்று அறிவுரை சொல்வோர் உண்டு. பஸ்ஸோ டெம்போவோ எங்கள் வீதிக்குள் வருவதில்லை. மீட்டர் போடாத ஆட்டோவில் வாரம் மூன்று முறை மருத்துவமனைக்குப் போய்வர என் ஓய்வூதியம் இடம் கொடுக்காது. பழைய காலத்து வீடு. கார் நுழையும் வாசல் கிடையாது, வீதிதான் கொட்டகை. வாரக் கடைசியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் வண்டிகளால் நெரிசல் என்பது உண்மை. அதற்காக விருந்தாளிகளை முன்னிட்டு வீட்டுக்காரனைத் தெருவில் நிறுத்துவதா?

ஆங்கிலப் புத்தாண்டு இரவில் ஒயிட் டவுனை மூடும்போது இங்கு வசிப்போருக்குப் பாஸ் தருகிறார்கள். அதே பாஸை ஆண்டு முழுவதும் செல்லும்படி, வீட்டுக்கு ஒரு காருக்காவது வழங்க ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். தடை போடும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே தமிழில் பலகையில் எழுதிவைக்கவும், சிகிச்சைக்குச் செல்லும் வண்டிகளைப் பாஸ் இல்லாவிட்டாலும் விடவும், அதே சட்டத்தின் 117ஆம் பிரிவின்படி நகராட்சியைக் கலந்து வசிப்போருக்கு நிறுத்துமிடம் ஒதுக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். அம்மாவுக்கு அடுத்த டயாலிசிஸும் சனிக்கிழமைதான். அதற்குள் வாய்மொழியாகவேனும் ஓர் ஏற்பாடு செய்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: பலகையின் புகைப்படம், மருத்துவமனைச் சீட்டு நகல், கார் பதிவுச் சான்று நகல்.