ஆண்பால் படைவீரர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததறிந்து நிம்மதி. இங்கும் அனைவரும் நலம். ஓய்வு பெற்ற பின்னும் கருவூலக் கோப்புகள் கனவில் வருகின்றன என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால், அண்மையில் நான் படித்தறிந்த ஓர் அயர்லாந்து ஓய்வூதிய மனுவைப் பற்றி உங்களிடம்தான் சொல்லியாக வேண்டும்.

மனுதாரர் மார்கரெட் ஸ்கின்னிடர், ஸ்காட்லாந்தில் பிறந்து கிளாஸ்கோவில் கணக்கு ஆசிரியையாக இருந்தவர். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் ஆயுத எழுச்சியின்போது டப்ளினில் ஐரிஷ் குடிமக்கள் படையோடு சேர்ந்து போரிட்டார். செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவை ஒட்டிய அறுவை மருத்துவர் கல்லூரியின் கூரையிலிருந்து குறிபார்த்துச் சுடும்போது சீருடை அணிவார். கடிதங்களோடு சைக்கிளில் தெருவில் இறங்கும்போது சாதாரணப் பெண்ணுடைக்கு மாறிக்கொள்வார்.

பிரிட்டிஷ் படையினர் இருந்த ஷெல்போர்ன் ஓட்டலுக்குள் குண்டு வீசிவிட்டு வருகிறேன் என்று அவர் கேட்டபோது, ஒரு பெண்ணை அனுப்பத் தளபதி மைக்கேல் மாலின் தயங்கினார். குடியரசில் ஆணும் பெண்ணும் சமம் என்றால் உயிரைப் பணயம் வைக்கும் உரிமையும் சமம்தான் என்று வாதிட்டார் மார்கரெட். கடைசியில் ஹார்கோர்ட் தெருவில் ஒரு கட்டடத்துக்குத் தீ வைக்கச் சென்ற சிறு குழுவில் இடம் கிடைத்தது. கதவுக் கண்ணாடியைத் துப்பாக்கிக் கட்டையால் உடைத்ததுமே எதிரிகள் சுட்டார்கள். பிரெட் ரயன் என்ற 17 வயதுப் பையன் அங்கேயே இறந்தான். மார்கரெட்டின் உடம்பில் மூன்று குண்டுகள் பாய்ந்தன.

சுதந்திர அயர்லாந்தின் 1923 ராணுவ ஓய்வூதியச் சட்டம், 1916-இல் காயமடைந்த போராளிகளுக்கும் உதவித்தொகை அளித்தது. அதன்கீழ் அவர் விண்ணப்பித்தார். காயத்தைக் காரணமாக்கி அந்த மனுவைத் தள்ளவில்லை. இச்சட்டம் படைவீரர் என்று பொதுவாக ஆண்பாலில் புரிந்துகொள்ளப்படுவோருக்கு மட்டுமே பொருந்தும் என்று 1925-இல் சட்ட ஆலோசகர் கருத்துரைக்க, மனு நிராகரிக்கப்பட்டது. சட்டத்தில் ஆண்பாற்சொல் வந்தால் அது பெண்ணையும் குறிக்கும் என்ற பொது விதி 1889 சட்டத்திலேயே இருந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொடுக்க மனமிருந்தால் கொடுத்திருக்கலாம் என்பதே என் கருத்து. பின்னர் வந்த உள்நாட்டுப் போரில் அவர், பிரிட்டனுடன் 1921-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஏற்காத ஒப்பந்த எதிர்ப்பாளர்கள் பக்கம் நின்று, இதே அரசால் சிறைவைக்கப்பட்டவர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அது முடிவைப் பாதித்ததா என்று அந்தக் கருத்துரையை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது.

ஒப்பந்த எதிர்ப்பாளர்கள் 1932-இல் ஆட்சிக்கு வந்தபின், 1934-இன் படைப்பணி ஓய்வூதியச் சட்டம் அவர்களுக்கும், குமன் ந மான் மகளிர் அமைப்புக்கும் வழிவிட்டது. அதிலும் ஓய்வூதியத்துக்கு ஐந்து நிலைகள் வகுத்து, அம்மகளிர் அமைப்பினரைக் கடைசி இரண்டில் மட்டும் நிறுத்தினார்கள். பழைய தளபதிகளின் சான்று, உறுதிமொழி, வாய்மொழி விசாரணை என்று மனுதாரர்கள் அலைந்ததைப் படித்தால் நம் ஊர் வாழ்நாள் சான்றிதழே தேவலை என்று தோன்றும். இச்சட்டமும் இதற்கு முந்தைய 1924 படைப்பணி ஓய்வூதியச் சட்டமும் சேர்த்து, விண்ணப்பித்த சுமார் 82,000 பேரில் ஓய்வூதியம் பெற்றவர்கள் 16,000 பேர்கூட இல்லை. மார்கரெட்டுக்கு 1938-இல் கிடைத்தது. தோட்டாக்கள் பாய்ந்து அப்போது 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் அவர் டப்ளினில் ஆசிரியையாகி, பின்னாளில் ஆசிரியர் சங்கத் தலைவராகவும் ஆனார்.

எனக்கு இன்னும் விளங்காதது ஒன்றுண்டு. விதியின் வாசகம் இரு பக்கமும் வளையும் நிலையில் ஒரு கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, குறிப்பு எழுதும் எழுத்தர் எந்தப் பக்கம் சாய்வார்? மேலதிகாரியின் முகம் பார்த்தா, முந்தைய கோப்பைப் பார்த்தா? கண் தேறியதும் அனுபவத்திலிருந்து எழுதுங்கள்.

தங்கள் அன்புள்ள நண்பன்