‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் 26 ஆண்டுகளாக எழுத்தராக இருக்கிறேன். நகைக்கடன் என் பொறுப்பு. நகையை எடை போட்டு, பையிலிட்டு, எண் எழுதி, பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவது வரை எல்லாமே இருவர் முன்னிலையில், இரண்டு சாவிகளைக் கொண்டு நடப்பதால் தவறு நேர வழி மிகக் குறைவு. ஆனாலும் மாலையில் வீடு திரும்பிக் கைகால் கழுவி உட்கார்ந்ததும், அந்தப் பையில் 417 என்று எழுதினேனா, 471 என்று எழுதினேனா என்று ஒரு கேள்வி முளைக்கும். சோறு இறங்காது. காலையில் முதல் வேலையாகப் பார்த்தால் 417 என்றுதான் இருக்கும். அன்று மாலை கேள்வி வேறோர் எண்ணுக்குத் தாவியிருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் கைப்பேசி ஒலித்தால், எடுப்பதற்கு முன்பே ஒரு சாவு வீடு என் கண்முன் வந்துவிடும். பதினோரு ஆண்டுகளாக இப்படித்தான் இருக்கிறேன். இதனால் ஒரு நாள்கூட நான் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை என்பதால், இது பதற்றம் என்னும் ஒரு நோய் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கே தோன்றவில்லை.

ஓர் ஐப்பசி இரவில் நெஞ்சு அடைத்து, விரல்நுனிகளும் உதடுகளும் மரத்து, இதோடு முடிந்தது என்ற நினைப்பில் ஆட்டோ பிடித்துத் தனியார் மருத்துவமனைக்குப் போனோம். இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு, ரத்தப் பரிசோதனை என்று எல்லாம் எடுத்தார்கள். தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால் அவை தேவையான சோதனைகள்தாம். செலவைப் பற்றி எனக்குக் குறையில்லை. முடிவுகளைப் பார்த்துவிட்டு மருத்துவர், “ஒன்றுமில்லை, தைரியமாக இருங்கள்” என்றார். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கோ, ஒன்றுமில்லை என்றால் இவ்வளவு நேரம் என்னைப் பிடித்து உலுக்கியது எது என்று கேட்கவும் வாய் வரவில்லை. அதற்குப் பிறகு அம்மா மந்திரித்த கயிறு கட்டினார். மைத்துனர் ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று சிரித்தார். மருந்துக்கடை ஒன்றில் சீட்டுகூடக் கேட்காமல் அல்பிரசோலம் என்னும் பதற்றம் தணிக்கும் மாத்திரையை ஒரு அட்டை கொடுத்தார்கள். மருத்துவர் சீட்டு இன்றித் தரக்கூடாதென்றும், தந்ததைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டுமென்றும் 2014 முதல் விதியுள்ள மாத்திரை அது. பழகிவிட்டால் விடுவது கடினம் என்பதை நான் பின்னாளில்தான் அறிந்தேன்.

எனக்கு முதல் ஆறுதல் கிடைத்த இடம் அரசு வட்ட மருத்துவமனையின் தாழ்வாரத்திலுள்ள ஒரு பெஞ்ச். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அங்கு வருகிறார். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று குனிந்தபடி உட்கார்ந்திருந்த என்னிடம், பக்கத்தில் இருந்த ஒரு பேருந்து ஓட்டுநர் தாமாகவே பேச்சுக் கொடுத்தார். “எனக்கும் இதேதாங்க. பதினெட்டு வருஷமா ஓட்டுறேன், வண்டியில ஒரு கீறல் விழுந்ததில்ல. கொள்ளிடம் பாலம் வந்தா மட்டும் உள்ளங்கை ஊத்தும். அதான் ஸ்டியரிங்ல துண்டைச் சுத்திக்கிறது” என்று சொல்லி, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் காட்டினார். அதன் நடுப்பகுதி மட்டும் வேர்வையில் ஊறி ஊறிப் பழுப்பேறி நைந்து போயிருந்தது. விரல் மரத்துப்போவது இதயக் கோளாறால் அல்ல, பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைவதால்தான் என்பதையும், மூச்சை இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டினால் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் அடங்கிவிடும் என்பதையும் அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். உள்ளே இருந்த மருத்துவர் சொன்னதும் அதுவேதான். ஆனால் அந்தத் துண்டைப் பார்த்த பிறகுதான் நான் அதை நம்பினேன். மருத்துவர் எழுதிய மாத்திரையும் பலன் தந்தது. அதை மறைக்கக் கூடாது.

பதற்ற நோயுடன் வாழ்ந்தவர்கள் 2019-ல் உலகம் முழுவதும் சுமார் 30 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பதற்றம், மனச்சோர்வு போன்ற பரவலான மனநலக் குறைகள் உள்ளவர்களில் ஏறத்தாழ 85 சதவீதத்தினர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்று கண்டது. அத்தனை பேரும் தாம் ஒருவர் மட்டுமே இப்படி என்று நினைத்துக்கொண்டு அடுத்தடுத்த தெருக்களில் தூக்கமில்லாமல் புரண்டுகொண்டிருக்கிறோம்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியதிலிருந்து, எங்கள் தெருவுக்கும் ஒரு தன்னார்வலர் பெண் வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட்டுத் திண்ணையில் சற்று உட்கார்ந்து போகிறார். ‘கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் படபடப்பாக இருந்தது? கவலையை நிறுத்த முடியாமல் எத்தனை நாள் போனது?’ என்னும் இரண்டு கேள்விகள், மருத்துவர்களே முதற்கட்டச் சோதனைக்குப் பயன்படுத்துபவை. அவற்றையும் அவரே கேட்டுக் குறித்துக்கொள்ள அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். படித்த மருத்துவர்களால்தான் இது முடியும் என்பதில்லை. கோவாவில் டாக்டர் விக்ரம் பட்டேல் குழுவினர் உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆலோசகர்களாக அமர்த்தி நடத்தி, 2010-ல் வெளியிட்ட ஆய்வில், அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த மனச்சோர்வு, பதற்ற நோயாளிகளில் அவர்களது ஆலோசனை பெற்றவர்கள் பெறாதவர்களைவிடக் கூடுதலாகத் தேறினார்கள்.

அதைவிட முக்கியமாக நான் கேட்பது ஓர் அறையும் ஒரு மணி நேரமும்தான். மனநல மருத்துவர் வரும் நாளில், மருத்துவமனையிலோ கிளை நூலகத்திலோ எங்களைப் போன்றவர்கள் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து பேச இடம் கொடுங்கள். குடிநோயிலிருந்து மீள விரும்புவோருக்கு 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய இத்தகைய கூட்டங்கள் இன்று நம் ஊர்களிலும் நடக்கும்போது, குடிக்காமலேயே கை நடுங்குகிறவர்களுக்கு ஏன் கூடாது? பயந்தவர்கள் ஒன்றுகூடினால் ஒருவர் பயம் மற்றவருக்குத் தொற்றாதா என்று என் மனைவி கேட்டார். நியாயமான கேள்விதான், புலம்பல் மட்டுமே பேச்சானால் அப்படித்தான் ஆகும். ஆகவே பயிற்சி பெற்ற செவிலியரோ உளவியலாளரோ உடனிருப்பதும், என்ன பயந்தோம் என்பதோடு நிறுத்தாமல் அன்றைய பொழுதை எப்படிக் கடத்தினோம் என்பதையும் ஒவ்வொருவரும் சொல்வதும் அவசியம்.

அதுவரை, இரவில் தூக்கமின்றித் தவிப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2022 அக்டோபர் 10 முதல் மத்திய அரசின் டெலி மானஸ் என்னும் மனநலத் தொலைபேசி உதவி எண் 14416 இயங்குகிறது. கட்டணமில்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம். நான் இரண்டு முறை பேசியிருக்கிறேன். இரண்டு முறையும் எதிர்முனையில் இருந்தவர் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லவில்லை.

என் பெயரையும் சங்கத்தின் பெயரையும் வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வரும் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்பதால், இந்த மாதம் அந்தப் பெஞ்சுக்கு நான் போக இயலாது.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
கும்பகோணம் வட்டம்.