ஒன்பது மணி கோர்ட் வேண்டாம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அப்பாவும் நானும் கேட்டோம். ராத்திரி ஒன்பது மணிக்குக் கோர்ட்டில் ஸ்குவாஷ் ஆடி முடித்தால் மனசு லேசாகிறது, ஆனால் ராத்திரி இரண்டு மணி வரை தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்கிறாய். அப்பா உடனே, "அப்படின்னா ஸ்குவாஷே வேண்டாம்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். காலமெல்லாம் விசில் ஊதிய பி.டி. டீச்சர் நான், அதை ரத்து செய்கிறேன். ஆட்டத்தை விடாதே. ஒன்பது மணி கோர்ட்டை மட்டும் விடு.

ஸ்குவாஷ் என்ன கேரம் போர்டா? 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம், நாலு பக்கமும் சுவர், அதற்குள் இரண்டு பேர் முன்சுவரில் மாறி மாறிப் பந்தடிக்கிற ஆட்டம். இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை பந்துக்குப் பாய வேண்டும். நல்ல மேட்ச் என்றால் இதயத் துடிப்பு அதன் உச்சத்தில் 80, 90 சதவீதத்தைத் தொட்டுவிடும். தூக்கம் வர உடம்பின் உள்சூடு இறங்க வேண்டும். நீயோ பத்து மணிக்கு வியர்க்க விறுவிறுக்க வெளியே வந்து, சாப்பிட்டு, பதினொன்றுக்குப் படுக்கிறாய். சூடும் இறங்கியிருக்காது, அட்ரினலினும் அடங்கியிருக்காது. சாயங்காலம் ஆடுவதே தப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதே. படுக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற கடும் ஆட்டம்தான் முக்கியமாகத் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. நடுவில் சில மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். ஆறு மணி ஸ்லாட் கிடைக்கிறதா பார். கிடைக்காத நாளில் மேட்ச் வேண்டாம், தனியாக நின்று டிரைவ், அதாவது சுவரோரமாக நீளமாக அடிக்கிற அடி, பழகு. ஆடுவதற்கு முன்னால் காபியும் வேண்டாம். குடித்ததில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

ஸ்குவாஷால் தர முடியாத ஒன்று வெளிச்சம். மான்செஸ்டரில் டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. நீ லைப்ரரியிலிருந்து நேராகக் கோர்ட்டுக்குப் போனால் அதுவும் டியூப்லைட்டுதான். பகலைப் பார்க்காத உடம்புக்கு எப்போது ராத்திரி என்று எப்படித் தெரியும்? உன் வயசில் உடம்புக்குள் இருக்கிற அந்தக் கடிகாரம் ஏற்கெனவே கொஞ்சம் பின்தங்கித்தான் ஓடும். அதனால் காலையில் விடிந்ததும் அரை மணி நேரம் வெளியே நட. மேகமூட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, அறை விளக்கைவிட அது எத்தனையோ மடங்கு பிரகாசம்.

மனசு லேசாவதாகச் சொன்னாயே, அது நிஜம். உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஸ்குவாஷில் கூடுதலாக ஒன்று உண்டு. பின்சுவரில் பட்டு வரும் பந்தைப் பார்த்துக்கொண்டே தீசிஸைப் பற்றிக் கவலைப்பட முடியாது. டென்னிஸ் மாதிரி வலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளும் இல்லை. எதிராளி உன் தோளை உரசிக்கொண்டு நிற்பாள், வழிவிட வேண்டும், இடித்தால் 'சாரி' கேட்க வேண்டும். ஊர் விட்டு ஊர் போன பெண்ணுக்கு வாரம் மூன்று நாள் இப்படி ஒரு துணை இருப்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் ஜெயித்தால் மேல் குழுவுக்கும் தோற்றால் கீழ்க் குழுவுக்கும் போகிற அந்த பாக்ஸ் லீக்கில் கீழே இறங்கிவிட்டேன் என்று புலம்பினாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. படிப்பில்தான் மார்க் கணக்கு, இங்கேயுமா? 2025 டிசம்பரில் சென்னை எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலில் நம் இந்திய அணி ஸ்குவாஷ் உலகக் கோப்பை ஜெயித்தபோது, அதில் ஆடிய ஜோஷ்னா சின்னப்பாவுக்கு வயசு 39. உனக்கு இப்போது என்ன அவசரம்? இந்த டெர்ம் லீக் இல்லாமல் சும்மா ஆடு. குளிரில் பந்து எழும்பவில்லை என்றால் இரட்டை மஞ்சள் புள்ளி போட்ட பந்தை விட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் எழும்புகிற ஒற்றைப் புள்ளிப் பந்து வாங்கு. பந்து விழாமல் மாறி மாறிப் போகிற ராலி நீளும், எரிச்சல் குறையும்.

நேரத்தை மாற்றியும் சில வாரம் தூக்கம் சரியாகவில்லை, காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை, ஆட்டத்திலும் ருசி இல்லை என்றால் டாக்டரிடம் போ. யூனிவர்சிட்டியில் கவுன்சலிங் இருக்கும், அங்கேயும் போ. அதற்கு ராக்கெட் மருந்தில்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்காதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்புறம், கண்ணாடி போட்டுக்கொண்டுதானே ஆடுகிறாய்? பவர் கண்ணாடியைச் சொல்லவில்லை, ஸ்குவாஷுக்கென்று விற்கிற பாலிகார்பனேட் கண்ணாடி. அந்தப் பந்து கண்குழிக்குள் கச்சிதமாகப் பொருந்துகிற அளவு. காசு நான் போடுகிறேன், இந்த வாரமே வாங்கிவிட்டு போட்டோ அனுப்பு.

அன்புடன்,
அம்மா