ஐம்முனை நட்சத்திரத்தை ஒற்றை வரியில் அடைக்காதீர்கள்: நூல் தொகுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சின்னங்களைப் பற்றிய அகராதிகளையும் கலைக்களஞ்சியங்களையும் பாடநூல்களையும் தொகுக்கும் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம்.

உங்கள் நூல்களில் ஐம்முனை நட்சத்திரத்தின் படத்தருகே, அதிலும் உள்கோடுகள் தெரிய வரைந்த வடிவத்தின் அருகே, ‘சாத்தானின் பழங்காலக் குறி’ என்றோ ‘மாந்திரீகச் சின்னம்’ என்றோ ஒரே வரி விளக்கம் இடம்பெறுவது வழக்கமாகிவிட்டது. கணிதம் கற்பிக்கும் எனக்கு இது வெறும் அச்சுப் பிழையாகத் தோன்றவில்லை. மாணவர் நோட்டில் இந்த வடிவத்தைக் கண்டதும் அதை அழித்துவிடச் சொல்லும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களின் அச்சத்திற்கு அச்சிட்ட நூல் ஒன்றே சான்றாகிவிடுகிறது என்பதால்தான் இம்மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் அந்த நோட்டில் இருப்பது என்னவென்று பாருங்கள். ஓர் ஒழுங்கு ஐங்கோணத்தின் ஐந்து மூலைவிட்டங்களையும் வரைந்தால், பென்சிலை எடுக்காமலேயே நட்சத்திரம் முழுமையடைந்துவிடும். அதன் ஒவ்வொரு முனையிலும் உள்ள கோணம் 36 பாகை. ஐந்தையும் கூட்டினால் ஒரு முக்கோணத்திற்குரிய 180 பாகை வரும். மூலைவிட்டத்திற்கும் பக்கத்திற்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 1.618, அதாவது பொன் விகிதம். நடுவில் உருவாகும் சிறிய ஐங்கோணமோ தலைகீழாக நிற்கும். அதன் மூலைவிட்டங்களை வரைந்தால் முனை கீழ்நோக்கிய நட்சத்திரமும், அதற்குள் மீண்டும் நிமிர்ந்த நட்சத்திரமுமாக முடிவின்றித் தொடரலாம். நிமிர்ந்தது நன்மை, கவிழ்ந்தது தீமை என்று எழுதும் நூல்கள், ஒவ்வொரு நிமிர்ந்த நட்சத்திரத்திற்குள்ளும் கவிழ்ந்தது ஒன்று இருக்கிறது என்பதைக் கருதிப் பார்த்ததாகவே தெரியவில்லை.

‘பழங்காலம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். எகிப்தின் பிரமிடு ஒன்றில், உனாஸ் மன்னனின் கல்லறை அறைக் கூரை முழுவதும் ஐம்முனை நட்சத்திரங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அங்கே அவை வானத்தையே குறித்தன. பித்தாகரஸின் வழிவந்தோர் இதைத் தங்களுக்குள் அடையாளம் காணும் குறியாகக் கொண்டு, ‘உடல்நலம்’ என்று அழைத்ததாகப் பண்டைய கிரேக்க மொழி எழுத்தாளர் லூசியன் எழுதியிருக்கிறார். இடைக்காலக் கிறித்தவர்களுக்கு இது இயேசுவின் ஐந்து காயங்களை நினைவூட்டியது. நீங்கள் குறிப்பிடும் சாத்தான் இந்தப் பழைய வரலாற்றில் எங்கும் இல்லை. நிமிர்ந்த வடிவத்தையும் கவிழ்ந்த வடிவத்தையும் எதிரெதிராக நிறுத்தி, இரண்டு முனைகள் மேல்நோக்கியதை ஆட்டுத்தலையோடு இணைத்து எழுதிப் பரப்பியவர் 1850-களில் பிரான்சில் வாழ்ந்த மாந்திரீக நூலாசிரியர் எலிபாஸ் லெவி. ஆட்டுத்தலை பொறித்த கவிழ்ந்த நட்சத்திரத்தைத் தன் சின்னமாகக் கொண்ட சாத்தான் சபை அமெரிக்காவில் தொடங்கப்பட்டது 1966-இல். இவற்றை மறைக்கச் சொல்லவில்லை. ஆண்டோடு எழுதுங்கள் என்றே கேட்கிறேன். அமெரிக்காவின் மிக உயரிய படைத்துறை விருதான மெடல் ஆஃப் ஆனர் பதக்கத்தின் நட்சத்திரமும் முனை கீழ்நோக்கியே தொங்குகிறது என்பதையும் அருகிலேயே குறிப்பிட்டால் நேர்மையாக இருக்கும்.

இன்று பயன்பாட்டில் இருப்பவற்றை மட்டும் பார்த்தாலும் ஒரு வரி போதாது. மொராக்கோ 1915-இல் தன் சிவப்புக் கொடியில் ஏற்ற பச்சை நட்சத்திரம், உள்கோடுகள் தெரியும் அதே வடிவம்தான். சோமாலியாவின் வெள்ளை நட்சத்திரத்திற்கு ஐந்து முனைகள் இருப்பது, சோமாலி மக்கள் வாழும் ஐந்து நிலப்பகுதிகளைக் குறிப்பதற்காக. சிங்கப்பூர்க் கொடியில் உள்ள ஐந்து நட்சத்திரங்கள் மக்களாட்சி, அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம் ஆகியவற்றைச் சொல்கின்றன. பஹாய் சமயத்தவருக்கோ இது தங்கள் சமயத்தின் சின்னம். அச்சமயத்தின் முன்னோடியான பாப், நட்சத்திர வடிவிலேயே திருவெழுத்துகளை வரைந்திருக்கிறார். அவர்கள் வீட்டுக் குழந்தை உங்கள் நூலைத் திறந்து அந்த ஒற்றை வரியைப் படிக்கும்போது என்ன எண்ணும் என்று தயவுசெய்து யோசியுங்கள்.

ஒற்றைப் பொருளை வலியுறுத்துவதால் மனிதருக்கு நேரும் துன்பத்திற்கு இரண்டு நிகழ்வுகளைச் சுட்ட விரும்புகிறேன். அமெரிக்கப் படையில் உயிர்நீத்த, இயற்கையை வழிபடும் விக்கா என்ற புதிய சமயத்தைச் சேர்ந்தவர்களின் கல்லறைக் கற்களில் வட்டத்திற்குள் அமைந்த நட்சத்திரத்தைப் பொறிக்க அந்நாட்டு அரசுத் துறை ஒப்புக்கொண்டது 2007-இல்தான். அதற்குக் குடும்பத்தினர் வழக்காட வேண்டியிருந்தது. மற்றொன்று, ஹங்கேரியில் நடந்தது. 2003-இல் புடாபெஸ்ட் கூட்டமொன்றில் ஐந்து சென்டிமீட்டர் அளவுள்ள சிவப்பு நட்சத்திரத்தைச் சட்டையில் அணிந்திருந்தவர், அது கம்யூனிச சர்வாதிகாரத்தின் சின்னம் என்பதால் தண்டிக்கப்பட்டார். 2008-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், கம்யூனிச ஆட்சியில் துன்புற்றோரின் வேதனையை மதித்தபோதிலும், அந்த நட்சத்திரத்திற்குப் பல பொருள்கள் உண்டென்றும், பன்னாட்டுத் தொழிலாளர் இயக்கத்தையும் அது குறிக்கிறதென்றும் கூறி, அத்தண்டனை கருத்துரிமையை மீறியது என்று தீர்ப்பளித்தது. ஒரு நீதிமன்றம் காட்டிய இந்தப் பொறுமையை அகராதி தொகுப்போரிடம் எதிர்பார்ப்பது மிகையான விண்ணப்பமாகாது.

ஆகவே அடுத்த பதிப்பில் ‘பழங்கால’ என்ற அடைமொழியை நீக்குங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் யார், எங்கே, எந்தக் காலத்தில் அதைப் பயன்படுத்தினார்கள் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். இரண்டு முக்கோணங்களால் ஆன அறுமுனை நட்சத்திரத்தையும் இதனோடு சேர்த்துக் குழப்பும் படங்களைப் பிரித்து வையுங்கள். இடம் போதாதென்றால், விளக்கமே இல்லாமல் வடிவத்தின் வரையறையை மட்டும் தாருங்கள்; தவறான ஒரு வரியைவிட அது எவ்வளவோ மேல். கையெழுத்துப் படியைச் சரிபார்க்க என்னால் இயன்ற உதவியைச் செய்ய அணியமாக இருக்கிறேன். உங்கள் பதிலை எதிர்நோக்குகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்